பூசி மெழுகுதல்: இந்திய வீட்டு விற்பனையில் சுவரும் சட்டமும்

குறையை மறைத்துப் பேசுவதைத் தமிழில் 'பூசி மெழுகுதல்' என்பர். இந்தியில் அதே பொருளில் 'லீபாபோதி' என்ற சொல் வழங்குகிறது. 'லீப்னா' என்றால் மெழுகுதல், 'போத்னா' என்றால் பூசுதல். தொடர்பற்ற இரு மொழிக்குடும்பங்கள் ஒரே வீட்டு வேலையிலிருந்து ஒரே உருவகத்தை எடுத்திருக்கின்றன. மண் தரையைச் சாணமிட்டு மெழுகுவதும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும் ஆண்டுதோறும் செய்யப்பட்ட பராமரிப்பு வேலைகள். மழை முடிந்ததும் வட இந்தியாவில் தீபாவளிக்கு முன்பும், தமிழகத்தில் பொங்கலுக்கு முன்பும் வீடுகள் வெள்ளை காணும். ஏமாற்றும் நோக்கம் அதில் ஏதுமில்லை. ஆயினும் அந்தச் சொற்களே ஏமாற்றுக்கும் பெயராயின.

பராமரிப்பும் மறைப்பும் ஒரே கையால், ஒரே சுண்ணாம்பால், ஒரே சுவரில் செய்யப்படுபவை என்பதே இதற்குக் காரணம். எது பராமரிப்பு, எது மறைப்பு என்பதை வேலையைப் பார்த்து மட்டும் முடிவுசெய்ய இயலாது. சுவரைப் பார்ப்பவர் யார், அவருக்கு அந்த வீட்டைப் பற்றி முன்பே என்ன தெரியும் என்பதைக் கொண்டே முடிவுசெய்ய இயலும். வீட்டை விற்கும் முன் குறைந்த செலவில் அதைச் சீராக்கும் வழக்கம் இன்று ஓர் எளிய வணிக யோசனையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அதன் வரலாறோ, வீட்டைப் பற்றிய அறிவு யாரிடம் இருந்தது, அது எவ்வாறு கைமாறியது என்பதன் வரலாறு.

1. நாற்பது குடும்பங்களின் முன்னிலை

அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணம் வீடு, வயல், தோட்டம், அணைகட்டு, நீர்நிலை ஆகியவற்றை 'வாஸ்து' என்று வரையறுத்து, அவற்றின் விற்பனைக்கு ஒரு நடைமுறையை வகுக்கிறது. வாங்கும் உரிமை முதலில் உறவினருக்கு, அடுத்து அண்டையாருக்கு, அதன்பின் கடன் கொடுத்தவருக்கு. இவர்களுக்குப் பிறகே வெளியாருக்கு. விற்பனை அறிவிப்பு அந்த வீட்டின் முன்பாகவே, அண்டையிலுள்ள நாற்பது குடும்பத்தாரின் முன்னிலையில் நிகழ வேண்டும். இன்ன விலைக்கு வாங்குவார் யார் என்று மும்முறை கூறி, மறுப்பு எழாத நிலையிலேயே விற்பனை முடியும். வாங்குவோரிடையே போட்டி ஏற்பட்டு விலை உயர்ந்தால், உயர்ந்த தொகை சுங்கத்தோடு சேர்த்து அரசின் கருவூலத்துக்குச் செல்லும்.

இது விதி நூல். நாடெங்கும் இவ்வாறே நடந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் விதியின் தர்க்கம் கவனத்துக்குரியது. வாங்குபவராக முதலில் எதிர்பார்க்கப்படுபவர் உறவினர் அல்லது அண்டை வீட்டார். எந்த மழையில் எந்தச் சுவர் நனைந்தது, எந்த உத்தரத்தில் கரையான் ஏறியது என்பது அவருக்குத் தெரியும். வெளியார் வாங்க வந்தாலும், இவற்றையெல்லாம் அறிந்த நாற்பது குடும்பத்தார் அருகில் நிற்கின்றனர். போட்டியால் ஏறும் விலை விற்பவரைச் சேராது என்பதால், போட்டியைத் தூண்டும் ஒப்பனையால் அவருக்கு ஆதாயமும் குறைவு. இத்தகைய சந்தையில் புதுச் சுண்ணாம்பு யாரையும் ஏமாற்றியிருக்காது.

தர்மசாஸ்திரங்கள் பொதுவாகச் சரக்கு விற்பனை பற்றிக் கூறுபவையும் இத்துடன் வைத்துப் பார்க்கத் தக்கவை. கலப்படமானதையும் மதிப்பற்றதையும் அளவு குறைந்ததையும் மறைக்கப்பட்டதையும் விற்கலாகாது என்று மனுஸ்மிருதி எட்டாம் அத்தியாயத்தில் விலக்குகிறது. நாரதஸ்மிருதியோ இரு தரப்புக்கும் பொறுப்பைப் பிரித்தளிக்கிறது. வாங்குபவர் தாமே பொருளைச் சோதிக்க வேண்டும், பிறருக்கும் காட்டி நிறைகுறை அறிய வேண்டும். சோதித்து ஏற்றுக்கொண்டபின் திருப்பித் தர இயலாது. நல்லதைக் காட்டிக் குறையுள்ளதைக் கொடுத்த விற்பவரோ இருமடங்கு விலையும் அதற்கீடான தண்டமும் செலுத்த வேண்டும். வாங்குபவரின் சோதனை, விற்பவரின் நேர்மை என்னும் இவ்விரு தூண்களுக்கு இடையில்தான் பின்வந்த சட்டங்கள் அனைத்தும் நடமாடுகின்றன.

2. முற்றத்தைப் பார்த்தால் போதுமா?

டெல்லி சுல்தான்களின் காலந்தொட்டு இந்திய மதரஸாக்களில் பயிலப்பட்ட ஹனஃபி சட்ட நூல் 'ஹிதாயா'. மத்திய ஆசியாவின் மர்கினானி 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய இந்நூலைச் சார்ல்ஸ் ஹாமில்டன் 1791இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கம்பெனி நீதிமன்றங்கள் முஸ்லிம் சட்டத்தை அறிவதற்குப் பெரிதும் நாடிய நூல்களில் அதுவும் ஒன்றாயிற்று.

பாராமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் மறுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பது ஹிதாயாவின் விதி. வீடாயின், எதைப் பார்த்தால் 'பார்த்தது' ஆகும்? முற்றத்தைப் பார்த்தாலே போதும், உள்ளறைகளைப் பாராவிட்டாலும் மறுக்கும் உரிமை தீர்ந்துவிடும் என்பது முன்னோர் கருத்து. ஸுஃபர் என்ற அறிஞர் இதை ஏற்கவில்லை. அறைகளுக்குள்ளும் நுழைந்து பார்க்க வேண்டும் என்றார். மர்கினானி இக்கருத்து வேறுபாட்டைத் தீர்க்கும் முறை ஒரு வரலாற்றாசிரியரின் முறை. முன்னோர் அவ்வாறு சொன்னது அவர்கள் காலத்துக் கட்டட வழக்கத்தை ஒட்டி. அன்று வீடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடாமல் இருந்தன. இப்போதோ வீட்டுக்கு வீடு வேறுபடுவதால் உள்ளே நுழைந்தே தீர வேண்டும் என்கிறார்.

வெளிப்புறம் உட்புறத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தும் வரையில் வெளிப்புறத்தைப் பார்ப்பதே போதுமானது. இரண்டும் விலகும்போது பார்வையின் கடமை விரிகிறது. 'போதிய பார்வை' என்பது நிலையான அளவன்று, கட்டட முறை மாறும்போது அதுவும் மாற வேண்டும் என்பதை 12ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் ஒருவர் தெளிவாகக் கண்டிருக்கிறார்.

எது குறை என்பதற்கும் ஹிதாயா சந்தையையே அளவுகோலாக்குகிறது: வணிகர் வழக்கில் விலையைக் குறைப்பது எதுவோ அதுவே குறை. அதே வேளையில், எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாக நிபந்தனையிட்டு விற்கவும் விற்பவருக்கு இடமளிக்கிறது. வங்கிகள் இன்று ஏலத்தில் விடும் வீடுகளுக்கு 'உள்ளது உள்ளபடி' என்று எழுதும் நிபந்தனைக்கு இது தொலைதூர உறவு.

அண்டையாரின் முன்னுரிமையும் இச்சட்டத்தில் 'ஷுஃபா' என்ற பெயரில் உண்டு. சொத்தின் பங்காளி, வழி அல்லது நீர் உரிமையின் பங்காளி, அடுத்த வீட்டுக்காரர் என்ற வரிசையில் விற்பனையில் தலையிட்டு அதே விலைக்கு வாங்கலாம். பீகாரிலும் குஜராத்தின் சில பகுதிகளிலும் இந்துக்களும் இதை வழக்காறாக ஏற்றிருந்தனர் என்பதைக் காலனிய நீதிமன்றத் தீர்ப்புகள் காட்டுகின்றன. அர்த்தசாஸ்திரமும் ஹனஃபி சட்டமும் வேறுவேறு வேர்களிலிருந்து ஒரே இடத்துக்கு வந்தன: வீடு விற்கப்படும்போது அதை அறிந்தவர் அருகில் இருக்க வேண்டும்.

3. சுண்ணாம்பின் இயல்பு

வடமொழியில் 'ஸுதா' என்பது சுண்ணச்சாந்து. அதைப் பூசிய மாளிகை 'ஸௌதம்'. பெங்களூரின் விதான சௌதா தாங்கி நிற்பது இச்சொல்லையே. தமிழில் அது 'சுதை' ஆயிற்று. மாளிகை என்ற கருத்தே வெள்ளைப் பூச்சிலிருந்து பெயர் பெற்றிருப்பது, பூச்சு எந்த அளவுக்கு மதிப்பின் குறியாக இருந்தது என்பதைச் சொல்லும்.

பூச்சின் செய்முறை எளியது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, நீரில் நீற்றி, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குப் பசையும் மஞ்சள் தட்டாமலிருக்கச் சிறிது நீலமும் சேர்த்து, நார்த் தூரிகையால் ஒரு கை செங்குத்தாகவும் மறு கை கிடைமட்டமாகவும் அடிப்பது. வட இந்தியாவில் முஞ்சைப் புல்லால் கட்டிய தூரிகை பயன்பட்டது. பொதுப்பணித் துறையின் வேலைக் குறிப்புகள் இந்த நுட்பத்தைப் பெரும்பாலும் அப்படியே பதிவுசெய்து வைத்திருக்கின்றன. காவிக்கல்லோ மஞ்சள் மண்ணோ சேர்த்தால் வண்ணப் பூச்சு. இதைவிட மலிவான வீட்டுச் சீரமைப்பு இருந்ததில்லை.

சுவரில் படிந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் இயல்பை அடைகிறது. அவ்வாறு உருவாகும் படலம் நுண்துளைகள் கொண்டது. சுவருக்குள் இருக்கும் ஈரம் அதன் வழியே வெளியேறும். சுவர் கெடாமலிருக்க இது உதவுகிறது. கூடவே, ஓதம் ஏறிய சுவரில் எத்தனை கை சுண்ணாம்பு அடித்தாலும் கறை விரைவில் மீண்டு வரும். உவர் பூத்து வெளியே தெரியும். ஆழமான குறையைச் சுண்ணாம்பால் நெடுநாள் ஒளிக்க முடியாது. அறிமுகமான வாங்குபவர், நாற்பது சாட்சிகள் என்ற சமூகக் காவலோடு பொருளின் வேதியியலும் ஒரு காவலாக இருந்தது.

4. அந்நியரின் சந்தை

கல்கத்தாவில் 1780இல் ஹிக்கியின் வார இதழும் 1784இல் கல்கத்தா கெஸட்டும் தொடங்கின. வீட்டு விளம்பரம் என்ற புது வகை எழுத்துக்கு அவை இடமளித்தன. கம்பெனி ஊழியர் பணி முடிந்து இங்கிலாந்து திரும்புவர். சிலர் நோயில் இறப்பர். அவர்களின் வீடுகள் விளம்பரத்தின் மூலமும் பொது ஏலத்தின் மூலமும் கைமாறும். மாடி உண்டா, அறைகள் எத்தனை, தாழ்வாரம், கிடங்கு, கிணறு, அமைந்த இடம் என்பவையே விளம்பரத்தில் எண்ணிச் சொல்லப்பட்டன. வாங்குபவரோ அண்மையில் கப்பலில் வந்திறங்கியவராக இருக்கலாம். அவருக்கு அந்த வீட்டின் கடந்த பருவமழை தெரியாது.

கல்கத்தாவின் பெரிய வீடுகளில் பல, கல்லைப் போலத் தோற்றமளிக்கும்படி சுண்ணச்சாந்து பூசப்பட்ட செங்கல் கட்டடங்கள். 'மாளிகைகளின் நகரம்' என்ற பெயர் அந்த வெண்பூச்சின் கொடை. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அது கறுத்துப் பாசி படியும். கோடையில், புதுப்பூச்சோடு, முன்பின் அறியாத ஒருவருக்கு வீட்டைக் காட்டுவது என்பது இச்சூழலில் முன்னில்லாத பொருளைப் பெற்றது. வாங்குபவரிடம் வீட்டின் வரலாறு இல்லாதபோது, சுவரின் மேற்பரப்பே அவருக்குக் கிடைக்கும் முதன்மைச் செய்தியாகிறது. பூச்சின் விலை முன்போலவே மலிவுதான். அதனால் ஈட்டக்கூடிய மதிப்பு உயர்ந்துவிட்டது. விற்பனைக்கு முந்தைய மலிவான சீரமைப்பு ஆதாயம் தருவதன் பொருளியல் அடிப்படை இதுவே.

5. பிளேக் கால வெள்ளை

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் பரவியதும் சுண்ணாம்புக்கு இன்னொரு வேலை வந்தது. 1897இன் தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு மிகுந்த அதிகாரத்தை அளித்தது. வீடுகளில் நுழைந்து சோதிப்பது, பொருள்களை வெளியே எடுத்துப் போடுவது, கிருமிநாசினி தெளிப்பது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது ஆகியவை பிளேக் ஒழிப்பின் அன்றாட நடவடிக்கைகளாயின. காற்றும் ஒளியும் புகாத வீடுகளின் சுவரில், மனிதர் வாழத் தகுதியற்றவை என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டன. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டு, நெரிசலான குடியிருப்புகளை இடிக்கும் பணி தொடங்கியது.

சுவரை அரசு படிக்கவும் அதில் எழுதவும் தொடங்கிய தருணம் இது. புதிய வெள்ளை தூய்மையின் சான்றாகவும், அவ்வீட்டில் நோய் புகுந்து போனதன் தடயமாகவும் வாசிக்கத்தக்கதாயிற்று. சுண்ணாம்புக்குச் சுகாதாரப் பொருள் தந்த இப்போக்கு பின்னரும் தொடர்ந்தது. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் 11ஆம் பிரிவில் சுண்ணாம்புப் பூச்சுக்கு 14 மாதக் கெடு வைத்தது. கழுவத்தக்க நீர்ச்சாயத்துக்கு 3 ஆண்டு, பிற சாயங்களுக்கு 5 ஆண்டு. ஒவ்வொரு பூச்சும் எத்தனை காலம் உண்மை சொல்லும் என்பதற்கு அரசே வகுத்த அட்டவணை என இதைக் கொள்ளலாம். வீடு விற்பவருக்கு இத்தகைய கெடு ஏதும் விதிக்கப்பட்டதில்லை.

6. 1882: கடமை யாருடையது?

1882 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சொத்து மாற்றச் சட்டமே இன்றளவும் இந்தியாவில் வீட்டு விற்பனையை ஆள்கிறது. அதன் 55ஆம் பிரிவின் முதல் கூறு விற்பவர் மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தால் அவர் கண்டறியவும் முடியாததாக இருப்பின், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவு முடிவுகட்டுகிறது.

அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில், நில உரிமையின் மறைவான குறைகளைச் சொல்லும் கடமை விற்பவருக்கு இருந்தது. கட்டடத்தின் உடல் நிலையைப் பொறுத்தவரை 'வாங்குபவரே விழித்திரு' என்பதே பொதுவிதி. இந்தியச் சட்டம் 'சொத்திலுள்ள குறை' என்பதையும் சேர்த்து அதைத் தாண்டிச் சென்றது. காலனிய ஆட்சியில் எழுதப்பட்ட இந்தியச் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தின் நகல் என்ற எளிய முடிவு இவ்விடத்தில் பொருந்துவதில்லை.

இதற்கு முன்னரே வந்த 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் மோசடியை வரையறுக்கும்போது, தெரிந்த உண்மையைச் செயலால் மறைப்பதையும் அதில் சேர்த்தது. 19ஆம் பிரிவு தரும் விலக்கு இங்கு முக்கியமானது. மௌனத்தால் ஏமாற்றப்பட்டவர் சாதாரண முயற்சியால் உண்மையை அறிந்திருக்க முடியும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய இயலாது. அந்த விலக்கு பெயர் சொல்லிக் குறிப்பது மௌனத்தையும் தவறான எடுத்துரைப்பையும்தான். செயலால் மறைத்தவருக்கு அது புகலிடம் தருவதாக எழுதப்படவில்லை.

இவ்விரு சட்டங்களையும் சுவரின் முன் நிறுத்திப் படித்தால் ஒரு விளைவு புலப்படும். கூரையடியில் ஈரக்கறை வெளிப்படையாகத் தெரிகிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே அதைக் காண்பார்; எனவே விற்பவர் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஒழுகலைச் சரிசெய்யாமல் அதன்மேல் பட்டி பார்த்துச் சாயம் பூசிவிட்டால், அக்குறை இனிச் சாதாரணக் கவனத்துக்கு எட்டாதது. அதுவரை இல்லாத, எடுத்துச் சொல்லும் கடமை அந்த நொடியில் விற்பவரின் தோளில் ஏறுகிறது. விற்பவர் தம்மைக் காத்துக்கொள்வதாக எண்ணிச் செய்யும் மலிவான பூச்சு, சட்டத்தின் பார்வையில் அவரது பொறுப்பைக் கூட்டுகிறது. குறையை மறைக்கும் பூச்சு கடமையையும் இடம் மாற்றிவிடுகிறது.

எழுத்தில் இவ்வளவு தெளிவாக உள்ள இந்தக் கடமை நடைமுறையில் ஏன் அரிதாகவே உணரப்படுகிறது? பத்திரப் பதிவின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது. ரூ. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடைய அசையாச் சொத்தின் விற்பனை பதிவுசெய்யப்பட்ட ஆவணத்தால் நிகழ வேண்டும் என்று அதே 1882ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பதிவு முறை நான்கெல்லை, அளவு, முந்தைய பத்திரங்கள், வில்லங்கம் ஆகியவற்றில் கூர்மை பெற்றது. கூரையின் வயது, ஒழுகல், கரையான், பழுது பார்த்த ஆண்டு ஆகியவற்றுக்குப் பத்திரத்தில் வழக்கமான இடம் உருவாகவில்லை. வீட்டின் உரிமைக்கு நீண்ட காகிதச் சங்கிலி உண்டு, அதன் உடம்புக்கு அப்படியொரு சங்கிலி இல்லை.

7. படலமாகிய சாயம்

1942இல் பம்பாயில் நண்பர்கள் நால்வர் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். போர்க்காலத்தில் சாய இறக்குமதிக்கு ஏற்பட்ட தடை உள்நாட்டுத் தயாரிப்பாளருக்கு வழிவிட்டிருந்தது. 1954இல் ஆர். கே. லக்ஷ்மண் அந்நிறுவனத்துக்காக வரைந்த 'கட்டு' என்ற குறும்புச் சிறுவன், தூரிகையும் சாய டப்பாவுமாக வீடுகளுக்குள் நுழைந்தான். சுண்ணாம்புக்கும் விலையுயர்ந்த சாயத்துக்கும் நடுவே டிஸ்டெம்பரும் சிமெண்ட் சாயமும் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டும் விலையில் கிடைத்தன. பருவந்தோறும் செய்த வேலை, வண்ண அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நுகர்வாயிற்று.

எண்ணெய்ச் சாயமும் பிற்காலச் செயற்கைப் பிசின் சாயங்களும் சுவரின்மேல் தொடர்ச்சியான படலமாகப் படிகின்றன. சுண்ணாம்பைவிட அவை ஈரத்தைக் குறைவாகவே வெளியே விடும். ஓதமேறிய சுவரும் சில மாதங்கள் பளபளப்பாக நிற்கும்; பின்பே கொப்பளித்து உரியும். அந்தச் சில மாதங்களில் ஒரு விற்பனை முடிந்துவிடலாம். அதே காலத்தில் கட்டடமும் மாறியது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடித்தால், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளந்த இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்து, பட்டி பார்த்து, சாயம் அடித்துவிட்டால் உள்ளே துரு வளர்வது வெளியே தெரியாது. ஜிப்சம் பொய்க்கூரையும் சுவரில் பதிக்கும் பிளாஸ்டிக் பலகையும் இன்று அதே வேலையை இன்னும் விரைவாகச் செய்கின்றன. மர்கினானியின் அளவுகோலைப் பயன்படுத்தினால், கட்டட முறை மாறிவிட்டதால் அறைக்குள் நுழைவதும் இனிப் போதாது.

8. தோலும் எலும்பும்

பம்பாயில் இப்பிரிவினை சட்டத்தின் வழியாகவே ஆழப்பட்டது. 1947இன் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் 1ஆம் நாளின் அளவில் நிறுத்தியது. அகதிகளும் தொழிலாளரும் பெருகிய நகரில் குடியிருப்போரைக் காக்க எழுந்த சட்டம் அது. நிலைத்த வாடகையில் கட்டடத்தைப் பழுது பார்ப்பதில் உரிமையாளருக்கு ஆர்வம் இல்லாமற்போனது. குடியிருப்பவர் தம் அறைக்குள் சாயமும் தரையும் புதுப்பித்தார். தூணும் உத்தரமும் யார் பொறுப்பிலும் இல்லை. 'பகடி' என்ற முறையில் குடியிருப்பு உரிமை பெருந்தொகைக்குக் கைமாறும்போது, உள்ளே மின்னும் அறைக்கே விலை பேசப்பட்டது. கட்டடங்கள் சரிந்து விழுவது தொடர்கதையானபின், 1969இல் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்க வாரியம் அமைக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அடுக்குமாடி வீடுகளில் இந்நிலை பொதுவிதியாகிவிட்டது: விற்பவர் தனியே திருத்தக்கூடியது வீட்டின் தோல் மட்டுமே, எலும்பு அனைவருக்கும் பொது.

இதற்கிடையில் அண்டை வீட்டாரின் இடமும் சட்டத்திலிருந்து விலகியது. 1962இல் பாவ் ராம் எதிர் வைஜ்நாத் வழக்கில், வெறும் அண்டைமையை அடிப்படையாகக் கொண்ட முன்னுரிமை அரசமைப்புக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நியர் என்ற பெயரில் வேறு சாதியினரையும் மதத்தினரையும் தெருவுக்குள் விடாமல் தடுப்பதற்கே அவ்வுரிமை பயன்பட்டது என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. நாற்பது குடும்பத்தாரின் சாட்சியத்தை ஏக்கத்தோடு திரும்பிப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சுவரின் ஓதத்தை அறிந்திருந்த அதே கண்கள், வாங்க வந்தவரின் பிறப்பையும் விசாரித்தன. அந்தக் கண்களிடமிருந்து விடுபட்டது ஒரு பேறு. அவை சுமந்திருந்த அறிவுக்கு மாற்று ஏற்படாமல் போனதே இழப்பு.

மாற்றுக்கான துண்டுகள் ஆங்காங்கே தோன்றியுள்ளன. 2016இன் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 14ஆம் பிரிவில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டுநர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் இது கட்டுநரின் பொறுப்பு. தம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கும் தனிமனிதரின் பொறுப்பன்று. மும்பையில் 30 ஆண்டைக் கடந்த கட்டடங்களைப் பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு விதிக்கிறது. அந்த அறிக்கையும், வீட்டுவசதிச் சங்கம் எப்போது எந்தக் குழாயை மாற்றியது, எந்த மாடியின் ஒழுகலை அடைத்தது என்ற பதிவேடுகளும் நாற்பது குடும்பத்தாரின் நினைவை, அவர்களின் சாதிக் கண்ணின்றி, காகிதத்தில் காக்க வல்லவை. விற்பனைப் பத்திரத்தோடு அவற்றை இணைக்க வேண்டும் என்ற விதி மட்டும் இல்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. விற்பனைக்கு முன் கீலுக்கு எண்ணெய் இடுவதும், அடைத்த வடிகாலைத் திறப்பதும், உடைந்த ஓட்டை மாற்றுவதும், காய்ந்த சுவருக்கு ஒரு கை வெள்ளை அடிப்பதும் சுவரைக் காப்பவை. வாங்குபவர் அடுத்த மழையில் அவற்றின் பயனை அடைவார். நனைந்த சுவரின் மேல் அடிக்கும் வெள்ளைக்கும் செலவு அதேதான். அதன் எஞ்சிய விலையைச் செலுத்துபவர் வீட்டை வாங்கியவர். 1882இன் 55ஆம் பிரிவு அந்தச் செலவை விற்றவரிடம் திருப்பி அனுப்பும் வழியை எழுதி வைத்திருக்கிறது. அவ்வழியில் நடக்க வேண்டுமானால், பூச்சுக்கு முன் அங்கே குறை இருந்ததையும் விற்றவர் அதை அறிந்திருந்ததையும் வாங்கியவர் மெய்ப்பிக்க வேண்டும். சாட்சி சொல்லத் தெருவில் நாற்பது குடும்பங்கள் இல்லை. சொல்லும்படியான பதிவேடும் பெரும்பாலான ஊர்களில் இன்னும் இல்லை.